லாரி ஓடாத பத்து நாளில்தான் ரோட்டில் அதிகம் செத்துக் கிடந்தன. எப்படி?

செங்கோட்டைக் கணக்கன் (கேள்வி)

வணக்கம். ஒரு கணக்கு இடிக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் காட்டிலாகாக்காரனும் இல்லை, விலங்கு படித்தவனும் இல்லை. வீடு செங்கோட்டை. பதினெட்டு வருடமாக ஆரியங்காவில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஆறு மணிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லை உதைத்தால் புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல் தாண்டி ஏழுக்குள் கடை. திரும்ப ராத்திரி எட்டு, எட்டரை ஆகும். பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இந்தப் பக்கம் வயலும் தென்னந்தோப்பும், மேலே ஏறினால் காடு, அப்புறம் மலையாளப் போர்டு.

2016 சாரல் சமயத்தில் ஒரு நாள் காலை, கோட்டைவாசலுக்குக் கீழே ஒரு சருகுமான் கிடந்தது. மலையாளத்தில் கூரமான் என்பார்கள். முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கால் நான்கும் பென்சில் கனம். விலாவில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. வாய் ஓரத்தில் பாதி மென்ற ஏதோ ஒரு காய். வயிற்றைத் தொட்டால் இன்னும் சூடு. பதினைந்து வருடத்துக்கும் மேலே அந்த மலையடியில் குடியிருந்தும் அதை உயிரோடு ஒரு முறைகூட நான் பார்த்ததில்லை. ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் பழைய வவுச்சர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். அன்றிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். கீரி, மரநாய், சாரை, முள்ளம்பன்றி, ஒரு முறை தேவாங்கு. முதலாளி பார்த்துவிட்டு, "இது என்ன ஓய், எமன் கணக்கா?" என்றார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்த முதல் ஓரிரு வருடம் ரோட்டில் இத்தனை லாரி கிடையாது. ஆனால் நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம் நிறைந்துவிடும். இப்போது ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி டாரஸ் லாரி போகிறது. நியாயப்படி சாவு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. பாதிப் பக்கம்கூட நிறைய மாட்டேன் என்கிறது.

இதுகூடப் பரவாயில்லை. போன வருடம் கிரஷர் ஸ்டிரைக் என்று பத்து நாள் லாரியே ஓடவில்லை. ரோடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பரம சுகம். ஆனால் அந்தப் பத்து நாளில் மட்டும் நோட்டில் ஒரு முழுப் பக்கம்! இரண்டு மரநாய், ஒரு முள்ளம்பன்றி, ஒரு மிளாக்குட்டி (மிளா என்றால் கடமான்), பாம்புகள். ஸ்டிரைக் முடிந்து லாரிகள் திரும்பிய வாரம் மறுபடியும் சுத்தம்.

என் மச்சினன் சொல்கிறான், "விலங்குகள் புத்தி கற்றுக்கொண்டுவிட்டன, லாரியைப் பார்த்தால் ஒதுங்குகின்றன, நல்லதுதானே" என்று. நல்லதா? அல்லது நான் கணக்கில் எதையாவது விட்டுவிட்டேனா?

---

காக்காமுட்டை

விட்டுவிட்டீர்கள், அண்ணாச்சி. நீங்கள் எண்ணுவது செத்ததை இல்லை, செத்து மிஞ்சியதை.

தவளை ஒன்று அடிபட்டால் லாரி ரோட்டில் அரை மணி நேரத்தில் தார் ஆகிவிடும். ஐம்பது டயர் ஏறிய பிறகு அதை ஓணான் என்பீர்களா, இலை என்பீர்களா? விடியும்போது காக்கை, கீரி, நாய் என்று ஆளுக்கு ஒரு பங்கு. பெரியதாக இருந்தால் இரண்டு கால் பிராணியும் பங்குக்கு வரும். முயல், பன்றி அடிபட்டால் காலை ஆறு மணி வரை அது ரோட்டில் கிடக்கும் என்றா நினைக்கிறீர்கள்? 1972 வனவிலங்குச் சட்டப்படி அடிபட்டுச் செத்ததைத் தூக்கிப் போவதும் குற்றம்தான். சட்டம் வருவதற்குள் குழம்பு கொதித்துவிடும்.

ஸ்டிரைக் நாட்களில் வண்டி குறைவு, அதனால் உடல் அப்படியே கிடந்தது. நீங்கள் பார்த்தீர்கள். இதுவும் ஒரு காரணம். முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

---

டாரஸ் தம்பி

அண்ணாச்சி, நீங்கள் திட்டுகிற லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவன் நான். பன்னிரண்டு சக்கரம். தென்காசிப் பக்கம் லோடு ஏற்றி கொட்டாரக்கரை, கொல்லம். நீங்கள் எக்ஸ்எல்லில் ஓரமாக ஒதுங்கி நிற்பதை நான்கூடப் பார்த்திருப்பேன்.

லோடு வண்டி ஏறும்போது ஒன்றும் குறுக்கே வராது. செக்போஸ்ட்டில் நடைச்சீட்டுப் பார்த்து விடும்போது ஏழெட்டு வண்டியாகத்தான் கிளம்புவோம். எஸ் வளைவில் செகண்ட் கியர், இருபதுகூட இருக்காது. நடந்து போகிறவன் முந்திவிடுவான். அந்தச் சத்தத்துக்கும் புகைக்கும் எது வரும்?

ஆனால் வராமல் போய்விடுவதில்லை, நிற்கும். ஒரு ராத்திரி மேலே திருப்பத்தில் ஒரு மிளா, பின்னால் குட்டி. என் லைட்டில் கண் பச்சையாக மின்னியது. ரோட்டு ஓரத்தில் மண் திட்டில் நின்று எங்கள் வரிசையை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூன்றாவது வண்டி. கடைசி வண்டி ஓட்டியவன் அப்புறம் டீக்கடையில் சொன்னான்: அவன் தாண்டியதும் தாய் இறங்கிவிட்டது, குட்டி அதன் பின்னால். எங்களை முந்த முடியாமல் எரிச்சலோடு வந்துகொண்டிருந்த ஒரு கார், வழி கிடைத்ததும் ஒரே அழுத்து. தாய் தப்பிவிட்டது.

அதனால் என் அனுபவத்தில் வண்டி எண்ணிக்கையைவிட இடைவெளிதான் விஷயம். ஒட்டி ஒட்டிப் போனால் அது வராது. அரை மணிக்கு ஒன்று போனால் அது கடந்துவிடும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று விட்டு விட்டு வண்டி வரும்போதுதான் அதற்கும் ஆசை வரும், நமக்கும் வேகம் இருக்கும். உங்கள் ஸ்டிரைக் பத்து நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். லாரி இல்லை என்று கார்க்காரன் எல்லாம் பறந்திருப்பான்.

இன்னொன்றும் சொல்கிறேன், பெயர் போடாததால் சொல்கிறேன். காலி வண்டி திரும்பும்போது கதை வேறு. ராத்திரி இரண்டு மணி, ரோட்டில் ஈ காக்கை இல்லை, அறுபதில் வருவோம். தென்மலை தாண்டி இந்தப் பக்கம் வரும்போது ஒரு புனுகுப் பூனை. டயரில் கல் தெறித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சரிவில் நிறுத்த முடியாது என்று கிளீனரிடம் சொன்னேன். அந்த இடம் சமதரை.

---

தேரைப் பொண்ணு

டாரஸ் அண்ணன் சொன்னதைத்தான் இந்தத் துறையில் முப்பது வருடமாகப் பல நாட்டுக்காரர்கள் எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் முதுகலைக்காக வால்பாறைப் பக்கம் இரண்டு மழைக்காலம் ரோட்டில் குனிந்தபடி நடந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம். வண்டி இரட்டித்தால் சாவும் இரட்டிக்கும் என்று நினைத்தீர்கள். எத்தனை விலங்கு ரோட்டில் இறங்குகிறது என்பது மாறாமல் இருந்தால் அது சரி. ஆனால் அதுவும் மாறுகிறது. வண்டி ஏற ஏற, இறங்கியது அடிபடும் வாய்ப்பு ஏறுகிறது. இறங்கத் துணிவதோ குறைகிறது. ஒன்று ஏற ஒன்று இறங்கினால் பெருக்கல் தொகை நடுவில் உச்சிக்குப் போய் அப்புறம் சரியும். தாளில் வரைந்தால் ஒட்டகத் திமில் மாதிரி வரும். பாலூட்டிகளுக்கு ஐரோப்பாவில் உத்தேசமாக ஒரு அளவு சொல்வார்கள்: ஒரு நாளைக்கு வண்டி இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் இருந்தால் பல விலங்குகள் கடந்துவிடும், அதற்கு மேல் பத்தாயிரம் வரை சாவு அதிகம், பத்தாயிரத்தைத் தாண்டினால் ரோடு சுவர் ஆகிவிடும். நம்மூர் விலங்குகளுக்கு அதே எண் பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வடிவம் அதுதான். உங்கள் ரோடு திமிலின் அந்தப் பக்கச் சரிவுக்குப் போயிருக்கிறது. ஸ்டிரைக் வந்ததும் பின்னால் வழுக்கி உச்சிக்கே வந்துவிட்டது. பத்து நாளில் விலங்குகளுக்குத் துணிவு வந்துவிட்டது, ரோட்டில் பாதுகாப்பு வரவில்லை.

எல்லா விலங்குக்கும் ஒரே திமில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியைப் பார்த்து என்ன செய்கிறது என்பதை வைத்து நான்காகப் பிரித்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. கண்டுகொள்ளாதவை: தவளை, தேரை, பல பூச்சிகள். நின்றுவிடுபவை: ஆமை, நம் ஊரில் முள்ளம்பன்றியையும் அழுங்கையும் (செதிலுள்ள எறும்புதின்னி) இதில் சேர்ப்பேன். முள்ளைச் சிலிர்ப்பதும் சுருண்டுகொள்வதும் சிறுத்தைக்குச் சரி, டயருக்குச் சரிவராது. ஓடிக் கடப்பவை: மான் வகை. ஒதுங்கிவிடுபவை: கரடி மாதிரி. மச்சினன் சொல்லும் "புத்தி" கடைசி இரண்டுக்கு ஓரளவு பொருந்தும். தேரைக்கு ஒரு நாளும் பொருந்தாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். ரோடு ஏழு மீட்டர். மிளா மூன்று நொடியில் தாண்டும் என்று வையுங்கள், தேரைக்கு ஒரு நிமிடம். மணிக்கு 60 வண்டி ஒழுங்கில்லாமல் வருகிறது. மிளா வண்டியே எதிர்ப்படாமல் தாண்ட வாய்ப்பு நூற்றுக்கு 95. தேரைக்கு 37. மணிக்கு 300 வண்டி என்றால் மிளாவுக்கு இன்னும் 78 இருக்கிறது. தேரைக்கு ஒன்றுகூட இல்லை. எதிர்ப்படுவது எல்லாம் சாவு இல்லை, இரண்டு சக்கரத்துக்கு நடுவில் தப்பிப்பதும் உண்டு. அதையும் சேர்த்து டென்மார்க்கில் நிஜமாகவே அளந்தார்கள், 2001-இல் வெளிவந்தது: ஒரு நாளைக்கு 3,207 வண்டி ஓடும் ரோட்டில் கடக்க இறங்கும் தவளை வகைகள் சாகும் வாய்ப்பு 34 முதல் 61 சதவீதம், பெரிய விரைவுச்சாலையில் 89 முதல் 98.

இப்போது உங்கள் "நல்லதா?" என்ற கேள்வி. 1995-இல் கனடாவில் ஒட்டாவா பக்கம் ஒரு ஆய்வு. வண்டி அதிகமான ரோடுகளில் செத்த தவளை குறைவாகத்தான் கிடைத்தது. உயிரோடு இருந்ததும் குறைவு. இருந்ததில் செத்ததன் பங்கு மட்டும் அதிகம். அதாவது அங்கே சாக ஆளே மிஞ்சவில்லை. அதனால் வெறும் சாவுக் கணக்கை வைத்து ஒரு ரோட்டுக்கு நல்ல பெயரும் கொடுக்க முடியாது, கெட்ட பெயரும் கொடுக்க முடியாது. பக்கத்தில் உயிரோடு எத்தனை இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நம் பக்கத்திலும் உண்டு. மைசூரிலிருந்து மானந்தவாடி போகும் ரோடு நாகரஹொளே காட்டுக்குள் போகிறது. அதில் வண்டியை அடைத்த துண்டையும் வண்டி ஓடும் துண்டையும் ஒப்பிட்டார்கள், 2012-இல் வந்தது. வண்டி ஓடும் துண்டின் ஓரத்தில் புள்ளிமான், காட்டுமாடு, யானை மூன்றுமே குறைவாகத் தென்பட்டன. அடிபட்டுச் சாகவில்லை. ஆனால் ஓரத்துப் புல்லும் அந்தப் பக்கத்துத் தண்ணீரும் அவற்றுக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

ஊரடங்கு நினைவிருக்கும். 2020-இல் வண்டி நின்றபோது 11 நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்பெயின், செக்கியா, எஸ்தோனியா, இஸ்ரேல் நான்கிலும் முதல் சில வாரங்களில் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மற்ற சில நாடுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. திமிலின் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதைப் பொறுத்து இப்படி இரண்டு விதமாகவும் வரலாம் என்பது என் ஊகம்.

ஒரு வேண்டுகோள். மழை ராத்திரியில் ஒரு ஓடைப்பாலத்தில் நின்று, செத்ததை விட்டுவிட்டுக் கடப்பதை எண்ணிப் பாருங்கள். தேரையைத் தூக்கிவிடுவதானால் அது முகம் திருப்பியிருக்கும் பக்கத்தில் விடுங்கள்.

---

கூடலூர்க்காரி

முதுமலை ரோட்டில் 2006 டிசம்பரிலிருந்து ஒரு வருடம் எண்ணியதில் 180 உடல்கள், 40 வகை. எல்லாரும் புலி, யானை என்று பேசினாலும் அதில் முதலிடம் தவளைக்குத்தான்.

நான் சொல்ல வந்தது நேரம் பற்றி. முதுமலையை ஒட்டிய பந்திப்பூர் காட்டு ரோட்டில் 2009 முதல் ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை அடைப்பு. அது வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், எங்கள் பக்கத்து வியாபாரிகள் என்னை அடிக்க வந்தாலும். ஆனால் எட்டரை மணிக்குக் கக்கநல்லா செக்போஸ்ட் பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா? கேட் மூடுவதற்குள் தாண்ட வேண்டும் என்று வருகிற வேகம் இருக்கிறதே! ஒரு நாள் எங்கள் ஜீப்பை மூன்று கார் ஒரே திருப்பத்தில் முந்தின. நாள் முழுவதும் ஓடிய வண்டி எத்தனை என்று மட்டும் எண்ணினால் அந்த அரை மணி நேரம் கணக்கில் தெரியவே தெரியாது.

வேகத்துக்கு ஒரு கணக்கு நானும் சொல்கிறேன். எண்பதில் போகிறவன் எதையோ பார்த்து, கால் பிரேக்கில் படுவதற்குள் முப்பது மீட்டருக்கு மேல் போயிருப்பான். டிம் லைட்டில் கண்ணுக்குத் தெரிவதே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாற்பதில் போகிறவன் அதே முப்பது மீட்டருக்குள் வண்டியையே நிறுத்திவிடலாம்.

---

எட்டிமடை வாசி

ரோடு இல்லை, ரயில். ஆனால் டாரஸ் தம்பி சொன்ன இடைவெளிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வாளையார் (கோவை – பாலக்காடு) பாதையில் ஓடும் ரயில், உங்கள் ரோட்டு வண்டியோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. யானைக்கு அது காலி இடம். கல் பரப்பி, இரண்டு பக்கமும் வெட்டவெளியாக, நடக்க வசதியாக இருக்கும். அடுத்த ரயில் எப்போது என்று அதற்கு எப்படித் தெரியும்? 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரையில் மங்களூரு – சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன. மறுநாள் காலையில் ஊரே அங்கேதான் நின்றது. நான் போகவில்லை. என் தம்பி போய்விட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டி குறைவு, வேகம் அதிகம், நடுவில் நீண்ட அமைதி. இதைவிட மோசமான சேர்க்கை இல்லை. இப்போது மதுக்கரைப் பக்கம் யானைக்குச் சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். 2024-இலிருந்து வெப்பத்தை உணரும் கேமரா கோபுரங்களும் இருக்கின்றன. யானை பாதையருகே வந்தால் எச்சரிக்கை போகிறது. இடைவெளியை மனிதன் கண்காணித்தால்தான் உண்டு, யானை கண்காணிக்காது.

---

செங்கோட்டைக் கணக்கன்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். டாரஸ் தம்பி, அந்த மிளாக்குட்டி என் நோட்டில் இருக்கிறது. ஸ்டிரைக் பக்கத்தில் எழுதியது வேறு ஒன்று. இது அதற்கு முந்தைய வருடம் கார்த்திகையில். இடம் நீங்கள் சொன்ன அதே திருப்பம். "கார், கண்ணாடிச் சில் கிடந்தது" என்றுகூட எழுதியிருக்கிறேன்.

கார்த்திகை என்றதும் இன்னொன்று தோன்றியது. சபரிமலை சீசனில் என் நோட்டு எப்போதும் கொஞ்சம் தடிக்கும். ராத்திரி முழுக்க வேனும் காரும். லாரி வரிசை மாதிரி ஒட்டிப் போவதில்லை, விட்டு விட்டு வருகின்றன. அதுவும் ரோடு தெரியாத வெளியூர் ஆட்கள், விடியும்முன் எரிமேலி போய்விட வேண்டும் என்ற அவசரம். அப்போதெல்லாம் "கூட்டம் அதிகம், அதனால் சாவு அதிகம்" என்று எழுதி முடித்துவிட்டேன். இப்போது அது சரியா என்று சந்தேகமாக இருக்கிறது.

---

அம்பை மலையடி

சாமி கும்பிடப் போகிற கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் ஆய்வே உண்டு, அண்ணாச்சி. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், ஆடி அமாவாசை. முண்டந்துறைக் காட்டுக்குள் போகும் ரோடு. மற்ற நாளில் எப்போதாவது ஒரு பஸ், ஜீப். திருவிழாவுக்கு மட்டும் சாரை சாரையாக வண்டி. திருவிழா நாளையும் சாதாரண நாளையும் ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்டார்கள். திருவிழாவில் சாவு நன்றாகவே கூடியிருந்தது. அது திமிலின் இந்தப் பக்கம், ஏறுமுகம். காலியான ரோட்டில் திடீர் என்று வண்டியைக் கொட்டினால் கூடத்தான் செய்யும். ஏற்கெனவே லாரி நிரம்பிய நேரத்தில் உங்கள் ரோட்டில் கொட்டினால் நோட்டில் ஒன்றும் தெரியாது.

சில வருடமாகத் தனி வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் அனுப்புகிறார்கள். முதல் வருடம் நானும் முணுமுணுத்தேன். குடும்பம், அடுப்பு, அரிசி மூட்டை, கிடா எல்லாம் இருக்கிறது, பஸ்ஸில் எப்படி? போகத்தான் செய்தோம். கிடாவுக்கும் டிக்கெட் கேட்டார்கள்.

---

செங்கோட்டைக் கணக்கன்

தேரைப் பொண்ணு சொன்னதைச் செய்துவிட்டேன்.

நேற்று நல்ல சாரல். கடையடைத்துத் திரும்பும்போது கோட்டைவாசலுக்குக் கீழே சின்ன ஓடைப்பாலத்தில் வண்டியை நிறுத்தி, குடையும் டார்ச்சுமாக ஒரு மணி நேரம் நின்றேன். எட்டு நாற்பதிலிருந்து ஒன்பது நாற்பது. போகிறவர்கள் எல்லாம் பஞ்சரா என்று கேட்டார்கள். ஒருவர் இறங்கியே வந்துவிட்டார். தேரை எண்ணுகிறேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார்.

லாரி ஏழு, அப்புறம் நாலு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு ஐந்து, நடுவில் செருகின இரண்டு கார். மறுபடியும் மூன்று நிமிஷம் அமைதி. செக்போஸ்ட் திறக்கிறது, மூடுகிறது என்று இங்கே நின்றே சொல்லிவிடலாம். லாரி சத்தம் வளைவில் மறைந்ததும் கீழே ஓடைப் பக்கம் தவளைச் சத்தம் ஒன்று, இரண்டு என்று தொடங்கி நிரம்பும். அடுத்த வரிசை வந்ததும் நின்றுவிடும். மேல் பக்கத்துப் பாறை ஓரத்திலும் காது வைத்துக் கேட்டேன். அங்கே சத்தம் குறைவு. பாறை என்பதாலா, வேறு காரணமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்க்க யானை பயம்.

தேரை பதினொன்று இறங்கியது. அமைதி நேரத்தில் தொடங்கியதுகூட நடு ரோட்டில் வந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. மூச்சு வாங்குகிறதா, யோசிக்கிறதா, தெரியவில்லை. தார் சூடாக இருக்கிறது, அதனாலும் இருக்கலாம். நாலு தானாகவே கரை ஏறியது. மூன்றை நான் தூக்கிவிட்டேன். கையில் எடுத்ததும் ஒன்று என் சட்டையில் சிறுநீர் விட்டது. மீதி நாலு டயருக்குப் போய்விட்டது. காக்காமுட்டை சொன்னது சரி: காலையில் அதே இடத்தில் வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. நோட்டில் அந்த நாளுக்கு "இல்லை" என்றுதான் எழுதியிருப்பேன்.

முதலில் தூக்கிய தேரையை ஓடைப் பக்கமாக விட்டேன், தண்ணீர் அங்கேதானே என்று. திரும்பி டார்ச் அடித்தால் அது ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அது ஓடையிலிருந்துதான் வந்துகொண்டிருந்திருக்கிறது. முகம் பார்த்து விடுங்கள் என்று எழுதியிருந்ததை மறந்துவிட்டேன்.

டாரஸ் தம்பி, காலி வண்டிகள் எத்தனை மணிக்குத் திரும்பும்? சனிக்கிழமை ராத்திரி அந்த நேரத்தில் ஒரு முறை நிற்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

---

டாரஸ் தம்பி

ஒன்றரைக்குத் தொடங்கி நாலு வரைக்கும் வரும். ஓடைப்பாலத்தில் நிற்காதீர்கள், அங்கே தடுப்புச்சுவர் இடிந்திருக்கிறது. கொஞ்சம் மேலே பழைய மைல்கல் பக்கத்தில் அகலமான மண் ஓரம் உண்டு, அங்கே நில்லுங்கள். மின்னுகிற ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என் வண்டியில் ஒன்று கிடக்கிறது, தருகிறேன். இரண்டு மணி வாக்கில் ஒரு டாரஸ் இரண்டு முறை டிம் அடித்து மெதுவாகப் போனால் அது நான்தான்.